குழந்தைகள் குளத்தில் நாங்கள் இருவர்

பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மேசை மேல் கைப்பேசி அதிர்ந்தது. வகுப்பில் நான் அதைத் தொடுவதில்லை. பிள்ளைகளிடம் பிடுங்கி வைக்கிறவளே தொட்டால் நன்றாகவா இருக்கும். மணி அடித்த பிறகு எடுத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஏதோ ஒரு படிவம் அனுப்பியிருந்தார், கூடவே ஒரு குரல் பதிவு. "டீச்சர், இதுல நாலு கிளப் போட்டிருக்குது. நமக்கு எது சரிப்படும்னு பாத்து நீயே டிக் போட்டு அனுப்பிடு. எனக்கு இந்த இங்கிலீசெல்லாம் ஓடாது. சனிக்கிழமைக்குள்ள கேக்கறாங்க." அவர் என்னை டீச்சர் என்று கூப்பிடுவது இரண்டு சமயத்தில்தான். ரொம்ப சந்தோஷமாக இருக்கும்போது, ரொம்பக் கோபமாக இருக்கும்போது. அன்றைக்குச் சந்தோஷம்.

நான் இண்டூரில் அரசுப் பள்ளி ஆசிரியை. நல்லம்பள்ளியில் அவருக்கு போர்வெல் மோட்டாரும் பைப்பும் விற்கிற கடை. எங்கள் பக்கம் மழை பொய்த்தால் அந்தக் கடைக்கு நல்ல காலம். கிணறு வற்றியவர்கள், போர் வற்றியவர்கள் எல்லாரும் இன்னும் ஆழத்தில் மோட்டார் இறக்க வந்து நிற்பார்கள். அந்த வருஷம் வானம் ஏமாற்றியதில் கம்பெனி வைத்த டார்கெட்டை அவர் தாண்டிவிட்டார். தாண்டிய டீலர்களை மனைவியோடு பாலித் தீவுக்கு நாலு நாள் கூட்டிப்போவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. அதற்கு முன் இரண்டு முறை ஆண்கள் மட்டும் போகிற பயணம் வந்தது. அவற்றிலிருந்து அவர் எந்த நிலையில் வீடு திரும்பினார் என்பதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. இந்த முறை ஜோடியாக. நான் பாஸ்போர்ட் எடுத்ததே இதற்காகத்தான்.

படிவத்தை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்தேன். கடலோரத்தில் ஒரு பெரிய ஓட்டல், அதற்குள் நாலு கிளப். ஒவ்வொரு ஜோடியும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கிளப்பின் நிறத்தில் மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டிவிடுவார்கள். நாலு நாளும் சாப்பாடு, குளியல், பொழுதுபோக்கு எல்லாம் அங்கேதான். நீலப் பட்டை கடற்கரை கிளப். பாட்டு, மணலில் நாற்காலி, கேட்டபோதெல்லாம் கையில் கிளாஸ். ஆரஞ்சு, விளையாட்டு கிளப். படகு, முக்குளிப்பு, மாலையானால் அங்கேயும் கிளாஸ். வெள்ளை, உடல்நல கிளப். யோகா, எண்ணெய் தேய்ப்பு, பச்சைக் காய்கறி. பச்சைப் பட்டை குடும்ப கிளப். குழந்தைகளுக்குக் குளம், சறுக்கு, பொம்மை அறை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இங்கே மது பரிமாறப்படாது என்று போட்டிருந்தது. அந்தச் சின்ன எழுத்தை நான் மூன்று முறை படித்தேன்.

எங்கள் பக்கத்தில் கிளப் என்று சொன்னால் யாரும் கடலையும் படகையும் நினைக்க மாட்டார்கள். மனமகிழ் மன்றம் என்று பலகை இருக்கும், உறுப்பினர்களுக்கு மட்டும் என்று கீழே எழுதியிருக்கும், சன்னலில் திரை தொங்கும். உள்ளே சீட்டும் குடியும். தர்மபுரி போகிற சாலையில் அப்படி ஒன்றில் என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் உறுப்பினர். அங்கே யார் மனம் மகிழ்ந்ததோ தெரியாது. என் மனம் இல்லை.

அதற்கு முந்தின வருஷம் ஒரு நாள் கடையிலேயே சுருண்டு விழுந்தார். எட்டு நாள் ஆஸ்பத்திரி. கல்லீரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டு தொட்டாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொல்லி நிறுத்துகிற ஆளாக இருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அடுத்த வாரமே நான் அவரைக் கூட்டிக்கொண்டு பொம்மிடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு முனியப்பன் கோயிலுக்குப் போனேன். கயிறு கட்டிக்கொள்ள.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குடியை விட நினைக்கிற ஆண்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். பூசாரி ஒவ்வொருவரையும் "எத்தன மாசத்துக்குப்பா?" என்று கேட்பார். அவரவர் ஒரு கெடு சொல்ல வேண்டும். தீர்த்தம் கொடுத்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிடுவார். கட்டு இருக்கும்போது குடித்தால் முனியப்பன் அடித்துவிடுவார், ரத்த வாந்திதான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் கெடு சொல்வதில் நம் ஆட்கள் மகா ஜாக்கிரதை. எங்களுக்கு முன்னால் நின்றவர், தை மாசம் மச்சினன் கல்யாணம் இருக்கிறது, மார்கழி வரைக்கும் போதும் என்றார். இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் காலண்டரையே எடுத்தார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் "ஒரு வருசம்" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அந்தக் கயிற்றின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. கல்யாண வீடு, கடைத் திறப்பு, கறி விருந்து, எங்கே போனாலும் யாராவது அவரைத் தனியே கூப்பிடுவார்கள். அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். "ஓ, கட்டியிருக்கறீங்களா" என்று அதோடு விட்டுவிடுவார்கள். டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொன்னால் கேலி செய்கிறவர்கள், பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று சிரிக்கிறவர்கள், கயிற்றைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். அமாவாசை தவறாமல் நான் பஸ் ஏறிப் போய் முனியப்பனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். என் வீட்டில் நிம்மதி என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த வருஷம்தான்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். கெடு முடிகிற நாள் பாலியில் இரண்டாவது நாள். முன்கூட்டியே போய் அடுத்த வருஷத்துக்குக் கட்டிக்கொண்டு வரலாமே என்று கேட்டேன். அதற்கு அவர், கெடு முடியும் முன்பு பழைய கயிற்றில் கை வைக்கக் கூடாது, அது குற்றம், ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். விதி அப்படித்தான், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாள் வெறும் நூலைக் கட்டிக்கொண்டு, கேட்டபோதெல்லாம் கிளாஸ் கொடுக்கிற ஊரில் இந்த மனிதர் இருக்கப்போகிறார்.

போதாததற்கு வியாழக்கிழமை சாயங்காலம் பொம்மிடி டீலர் வீட்டுக்கு வந்தார். அவரும் ஜோடியாகப் பாலிக்கு வருகிறவர். மன்றத்து நாட்களிலிருந்தே இவருக்குக் கூட்டாளி. நல்ல மனிதர்தான், யாருக்கு ஒன்று என்றாலும் முதலில் வந்து நிற்பார். ஆனால் அவர் வந்தால் நான் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். காபியைக் குடித்துக்கொண்டே, "எல்லாரும் நீலம்தாங்க போட்டிருக்கறம். அண்ணனும் நீலம் போட்டுட்டா ஒண்ணா இருந்துக்கலாம்" என்றார்.

"அவுரு கட்டியிருக்காருங்க" என்றேன்.

"அண்ணி, முனியப்பனுக்கு எல்லைன்னு ஒண்ணு இருக்குதுங்க. நம்ம காடு கரையத் தாண்டி அவுரு வரமாட்டாரு. கடல் தாண்டிட்டா கட்டு செல்லாது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் வீட்டுக்காரர் சிரித்தார். கயிறு கட்டிய நாளிலிருந்து இந்த மாதிரிப் பேச்சுக்கு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவிடாமல் செய்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த நாலு கிளப்பையும் மனசுக்குள் புரட்டினேன். நீலமும் ஆரஞ்சும் வேண்டவே வேண்டாம். உடல்நல கிளப்பிலும் மது இல்லை, கௌரவமாகவும் இருக்கும். ஆனால் அங்கே பெண்களுக்குத் தனியாக இரண்டு மணி நேரம் எண்ணெய் தேய்ப்பு என்று இருந்தது. அந்த இரண்டு மணி நேரம் இவர் எங்கே இருப்பார்? கோயம்புத்தூரில் படிக்கிற மகளிடம் போனில் கேட்டேன். "வெள்ளை போடும்மா. நீயும் கொஞ்சம் நிம்மதியா இருப்ப. அப்பாவ நாலு நாளு விடேன். நீ என்ன அவருக்கு வார்டனா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் சேர்த்ததே அவள் எதையும் பார்க்க வேண்டாம் என்றுதான். "ஆமாண்டி, வார்டன்தான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

பச்சைக்கு டிக் போட்டு அனுப்பினேன். அவரிடம் சொல்லவில்லை. நீயே போடு என்று அவர்தானே சொன்னார்.

சனிக்கிழமை காலை கம்பெனியிலிருந்து போன் வந்தது. "மேடம், பச்சை குழந்தைங்களோட வர்றவங்களுக்குங்க. உங்க கூடப் பசங்க யாராவது வர்றாங்களா?"

"இல்லீங்க. எங்க வூட்டுக்காரருக்குக் குழந்தைங்கன்னா ரொம்பப் புடிக்கும்."

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். மத்தியானம் டீலர்களின் வாட்ஸாப் குழுவில் பட்டியல் வந்தது. நீலத்தில் நீளமாக ஒரு வரிசை, ஆரஞ்சில் நாலைந்து ஜோடி, வெள்ளையில் இரண்டு. பச்சையில் நாங்கள் மட்டும். கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். பால் புட்டி படம் ஒன்று, அழுகிற குழந்தை படம் ஒன்று. யாரோ, அண்ணனுக்கு டயப்பர் சைஸ் என்ன என்று கேட்டிருந்தார்கள்.

அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். கை கழுவினார், சாப்பிட்டார், தட்டை எடுத்துக்கொண்டுபோய் வைத்தார். அப்புறம்தான் பேசினார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் டீச்சர்."

"கேட்டா நீலம்னு சொல்லியிருப்பீங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று ஆரம்பித்து, பதினோரு வருஷத்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். எனக்கு வாய் அப்படி. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி, பச்சையே இருக்கட்டும்" என்று எழுந்துபோனார். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பாலியில் இறங்கியதும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஓட்டல் வாசலில் இரண்டு பக்கமும் ஆளுயரக் கல் சிலைகள். பிதுங்கின கண், கோரைப் பல், கையில் கதாயுதம், இடுப்பில் கட்டம் போட்ட துணி. காலடியில் சின்ன ஓலைத் தட்டில் பூவும் சோறும் வைத்திருந்தார்கள். பொம்மிடிக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். "யோவ், இவுரு எப்ப வந்தாரு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மனசுக்குள் கும்பிட்டும்கொண்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் சிலையைப் பார்க்காமல் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பட்டை மாட்டிவிட்ட பெண் அவர் வலது கையைப் பிடித்தாள். கறுப்புக் கயிறு இருந்த கை. அதைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டுப் பக்கத்தில் பச்சைப் பட்டையைப் பூட்டினாள். பட்டையில் சிரிக்கிற ஆமைப் படம். கயிற்றைக் காட்டி இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "காட்" என்றார் அவர். அவள் தலையை ஆட்டி, பயபக்தியோடு கயிற்றைச் சரிசெய்துவிட்டாள்.

குடும்ப கிளப்பின் குளத்தில் தண்ணீர் முழங்கால் வரைக்கும்தான். நடுவில் பிளாஸ்டிக் திமிங்கலம் ஒன்று தண்ணீர் பீய்ச்சும். எங்கெங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரக் குழந்தைகள் அதன் மேல் ஏறி விழுந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஐம்பத்திரண்டு வயசில் என் வீட்டுக்காரர், புதிதாக வாங்கின அரைக்கால் சட்டையில், தண்ணீருக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் சுடிதாரோடு குளத்து விளிம்பில். பக்கத்தில் ஆளுயரச் செம்பருத்தி வேலி, அதற்கு அந்தப் பக்கம் நீலக் கிளப். பாட்டும் நம் ஆட்களின் சிரிப்பும் வேலியைத் தாண்டி வந்துகொண்டே இருந்தன. பொம்மிடிக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அண்ணே, திமிங்கலம் கடிக்குதா?" என்று கேட்டார். இவர் கையை ஆட்டினார்.

கடலைப் பார்க்கப் போனவள் நான் கடலைப் பார்க்கவே இல்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தால் எழுந்தேன். கழிப்பறைக்குப் போனால் வெளியே நின்றேன். சாப்பிடும் இடத்தில் அவர் ஜூஸ் எடுத்தால் நானும் அதையே எடுத்து முதலில் குடித்துப் பார்த்தேன். கெடு முடிகிற அந்த இரண்டாவது நாள் காலையில் இது இன்னும் மோசம். செருப்பை மாட்டிக்கொண்டு, சும்மா ஒரு நடை போய்விட்டு வருகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்று செருப்பைத் தேடினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். குளத்துக்கே போனோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போய்விட்டார்கள், குளம் காலி. திமிங்கலத்தை நிறுத்தியிருந்தார்கள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஒண்ணு சொல்லணும். கயிறு கட்டி மூணாவது மாசமே குடிச்சுட்டன்."

எனக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை.

"தர்மபுரில ஒரு ரிசப்சனுக்குப் போயி ராத்திரி அங்கயே தங்கிட்டனே, அன்னிக்கு. நேரா மன்றத்துக்குப் போனன். கயிறு தெரியக் கூடாதுன்னு முழுக்கைச் சட்ட போட்டுக்கிட்டுப் போனன். ரெண்டு நாளு எச்சியத் துப்பித் துப்பிப் பாத்தன், ரத்தம் வருதான்னு. ஒண்ணும் வரல. சாமி ஒண்ணும் பண்ணல."

அந்தச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான்.

"அன்னிக்குத்தான் எனக்குப் பயமே வந்துச்சு. இனி யாரும் நம்மளப் புடிச்சு நிறுத்த மாட்டாங்க, நாமதான் நிக்கணும்னு. அதுக்கப்புறம் தொடல. ஒன்பது மாசம். சாமிக்கும் இல்ல, டாக்டருக்கும் இல்ல. நானா இருக்கறன்."

வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்பது அமாவாசை தேங்காய் உடைத்தேனே, பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தேனே, ஒரு நாளாவது வாயைத் திறந்தாரா. ஏமாந்தவளுடைய கோபம் அது. அதில் நான் சொன்ன வார்த்தையை இப்போது எழுதவே கூசுகிறது.

"இத எதுக்கு இன்னிக்குப் பாத்துச் சொல்றீங்க? கெடு முடிஞ்சிருச்சு, கயிறும் பொய்யி, அதனால அந்தப் பக்கம் போறன்னு சொல்றதுக்கா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். ரொம்பக் களைத்துப்போன ஒரு முகம். எழுந்தார். ஈரக் காலோடு செம்பருத்தி வேலியை ஒட்டி நடந்து, நீலக் கிளப்புக்குப் போகிற சின்ன வாசலுக்குப் போனார். நான் எழுந்திருக்கவில்லை. என் வாழ்க்கை அந்த வாசலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

வாசலில் நின்ற காவலர் அவர் கையில் இருந்த பச்சைப் பட்டையைப் பார்த்தார். இரண்டு கையையும் குவித்து, புன்னகையோடு, உள்ளே போக முடியாது என்று தலையை ஆட்டினார். இவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு திரும்பி வந்தார். அப்பாடா, நல்ல வேளை பச்சையை எடுத்தேன் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார். "குடிக்கப் போகல. உள்ள போயி, அவங்க கூட உக்காந்து, எல்லாத்தையும் பாத்துட்டு, நீ கூப்புடாம நானா எந்திரிச்சு வரணும்னு போனன். ஒரே ஒரு தடவ. உனக்காகக்கூட இல்ல, எனக்கே தெரியணும்னுதான். அந்த ஆளு விடல."

ஊரில் கூட்டாளிகள் கூப்பிட்டபோதெல்லாம் கயிறு பதில் சொன்னது. இங்கே ஆமைப் பட்டை பதில் சொல்கிறது. இந்த மனிதர் வேண்டாம் என்று சொல்லவே யாரும் இடம் கொடுக்கவில்லை. முக்கியமாக நான் கொடுக்கவில்லை. ஒன்பது மாசமாக யாருக்கும் தெரியாமல் அவர் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை, சின்ன எழுத்தைத் தேடிப் படித்து நான் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

வரவேற்பு மேசைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பட்டையை மாற்ற வேண்டும் என்றேன். ஒருவருக்கு மட்டும் மாற்ற முடியாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். அவரையும் கூப்பிட்டேன். கத்தரிக்கோலால் இரண்டு பச்சையையும் வெட்டி, இரண்டு நீலம் பூட்டினார்கள். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வரலயா?"

"இல்லீங்க. நீங்க போயிட்டு வாங்க."

சீக்கிரம் வாங்க என்று வாய்வரை வந்தது. பார்த்து இருங்க என்றும் வந்தது. இரண்டையும் சொல்லவில்லை. அதற்கு மேல் அங்கே நின்றால் சொல்லிவிடுவேன் என்று அறைக்கு நடந்தேன்.

அறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து கடற்கரை தெரியாது, ஒரு புல்வெளியும் இரண்டு தென்னையும்தான் தெரியும். மணி பார்க்கக் கூடாது என்று கைப்பேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தேன். பாட்டுச் சத்தம் கூடும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு முறை எழுந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். முனியப்பனைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். அவரும் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பயம் வந்தது என்று சொன்னாரே, அந்தப் பயம் என்ன மாதிரி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நிழல் புல்வெளியின் பாதிக்கு வந்தபோது அவர் வந்தார். நடையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் நடையில் என்றைக்குமே தெரியாது. பதினோரு வருஷமும் என் மூக்குதான் எனக்குச் சொல்லியிருக்கிறது. கதவைத் திறந்த உடனே ஒரு மூச்சு இழுப்பேன், அன்றைய இரவு எப்படி என்று தெரிந்துவிடும்.

படியில் என்னை ஒட்டி உட்கார்ந்தார். "கடல் தண்ணி வெந்நி மாதிரி இருக்குது" என்றார். "பொம்மிடிக்காரன் மணல்லயே படுத்துத் தூங்கறான். முதுகு கொப்புளிச்சுரும், எழுப்புனா எந்திரிக்க மாட்டீங்கறான்." முகத்தை என் பக்கம் திருப்பித்தான் பேசினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

ஊருக்கு வந்து மாசங்கள் ஓடிவிட்டன. அந்தக் கயிற்றை அவர் அவிழ்க்கவில்லை, மறுபடி கட்டவும் போகவில்லை. அது கெடு முடிந்த கயிறு என்று எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்து கதவைத் தட்டுவார். நான் போய்த் திறப்பேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே போகிற வரைக்கும் மூச்சு இழுக்காமல் நிற்கிறேன். இன்னும் பழகவில்லை.